கதையின் நடுவே ஒரு பாட்டு

நான் ஒரு கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போகிற விஷயத்தில் நடந்த பிழை முழுவதும் என் கோபத்தால் வந்தது. நல்லது முழுவதும் வேறொருத்தியால் வந்தது. அவளுக்கு அப்போது பதினாறு வயது. கானாவில் குமாசி என்ற நகரத்திலிருந்து தாயோடு ரொறொன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையில் எனக்கு உரியது எவ்வளவு என்று நான் ஆராய்ச்சி செய்வதில்லை. செய்தால் என் பங்கு குறைந்துவிடும்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. நானும் என் கணவரும் பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டிடத்தின் ஒன்பதாம் தட்டில் இருந்தோம். எங்கள் தட்டில் எட்டுக் கதவுகள். அவற்றில் ஐந்துக்குப் பின்னால் தமிழ்ச் சனம். தமிழர் கூடிக்கொண்டிருந்த ஸ்காபரோவுக்குப் போகிறோம், போகிறோம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஊரில் நான் ஒன்பது வருடம் ரீச்சராக இருந்தவள். தமிழும் ஆங்கிலமும் படிப்பித்தேன். ஆனால் என்னை நாலு பேருக்குத் தெரிய வைத்தது பேச்சுப்போட்டி. என்னிடம் பேச்சுப் பழகிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெல்வார்கள், வட்டாரத்தில் வெல்வார்கள், மாவட்டத்துக்கும் போய் வெல்வார்கள். என் பிள்ளை மேடைக்கு ஏறினால் மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் முகம் கறுக்கும். கனடாவில் எனக்குக் கிடைத்தது ஒரு பேக்கரியில் பாணைப் பையில் போட்டுக் கட்டும் வேலை. பாணுக்கு என் திறமை தேவைப்படவில்லை.

எங்கள் கட்டிடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கென்று ஒரு நிலையம் இருந்தது. வேறு நல்ல வேலை ஏதாவது தேடித் தருவார்களா என்று கேட்கப் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். அதில் கடைசிக் கேள்வி, உங்களுக்கு வேறு என்ன தெரியும் என்பது. பக்கத்தில் இருந்தவர்கள் தையல், சமையல் என்று எழுதினார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பிள்ளைகளை மேடையில் பேச வைப்பேன் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்த நிலையத்தை நடத்திய பெண்மணி தொலைபேசி எடுத்தார். ஜமேக்காவில் பிறந்தவர், உயரமானவர், எதையும் மெதுவாகச் சொல்பவர். ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த இளம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் ஒரு பட்டறை நடக்கிறது என்றார். கதை சொல்லுதல், நடிப்பு, படம் கீறுதல் எல்லாம் அதில் உண்டு. நடத்தியவர் வன்கூவருக்குப் போய்விட்டார், நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். அவர் வசனத்தை முடிக்குமுன்பே நான் ஓம் என்றேன்.

என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஆபிரிக்கப் பிள்ளையளுக்குக் கதை சொல்லப் பழக்க யாழ்ப்பாணத்தாள் போறாவாம். உமக்கு ஆபிரிக்கா எங்கை இருக்கெண்டாவது தெரியுமோ?"

"தெரியும். பாராமல் படம் கீறிக் காட்டுவன்."

"அப்ப போம். போய்க் கீறிக் காட்டும்."

இனி வீட்டுக்கு வெளியே வரும் பேச்சுகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. ஆனால் என் மண்டைக்குள் அவை யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்திருக்கின்றன; என்னால் வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே கானாக்காரியும் கனடாக்காரரும் எங்கள் ஊர்ச் சனம் போலத்தான் பேசுவார்கள்.

முதல் சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். பதினொரு பிள்ளைகள். சோமாலியா, எதியோப்பியா, எரித்திரியா, கானா. பதினாலு வயது தொடக்கம் பதினெட்டு வரை. கதிரைகளை வட்டமாகப் போட்டு, முழங்காலில் கைமுட்டியை ஊன்றிக்கொண்டு, ஆளை ஆள் இடித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்த முதல் வேலை கதிரைகளை வரிசையாகப் போட வைத்தது. நாலு, நாலு, மூன்று. எல்லோரும் முன்னுக்குப் பார்க்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது. அரை மணித்தியாலத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் அந்த அமைதியைப் பார்த்து, என் கை இன்னும் மறந்துவிடவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் பேச்சுப்போட்டி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேச்சைப் பிள்ளை எழுதாது. ரீச்சர் எழுதுவார். பிள்ளை அதைப் பாடமாக்கும். எந்தச் சொல்லில் கையைத் தூக்குவது, எந்தச் சொல்லில் நெஞ்சைத் தொடுவது என்பதெல்லாம் ரீச்சர் பென்சிலால் ஓரத்தில் குறித்திருப்பார். வானம் என்றால் வலது கை மேலே, தாய்மண் என்றால் இரண்டு கையும் கீழே. ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து. நான் அன்றிரவே ஆங்கிலத்தில் ஒரு பேச்சு எழுதினேன். தலைப்பு, மரங்களின் பயன்கள். அடுத்த கிழமை பதினொரு பேரும் பதினொரு பிரதியை வாங்கி, மரம் நிழல் தரும், மரம் கனி தரும் என்று ஒரே இடத்தில் கையைத் தூக்கிப் பழகினார்கள். நிலையத்துப் பெண்மணி வாசலில் நின்று பார்த்தார். "இன்ரறஸ்ரிங்," என்றார். கனடாக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் நன்றி சொன்னேன்.

அன்றைக்கு அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கானாப் பிள்ளையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல இருந்தது.

"அவள் பள்ளிக்கூடத்திலை வாயே திறக்கிறேல்லை. ஒரு தாளைக் குடுத்துச் சோதிச்சவையாம், மாக்ஸ் குறைவு. விளங்கிற சக்தி இல்லையெண்டு முடிவு கட்டியிட்டினம். செப்ரெம்பரிலை அவளை மற்றப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகினம்."

மற்றப் பள்ளிக்கூடம் என்றால் படிப்பு ஏறாது என்று எழுதப்பட்ட பிள்ளைகள் போகிற இடம். அங்கே கைவேலை பழக்குவார்கள். கைவேலை கேவலமில்லை, ஆனால் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாதை இல்லை. அந்தப் பிள்ளைக்கு நேர்ஸாக வர ஆசை. தாய்க்கும் அதுதான் ஆசை, அதற்காகத்தான் கடல் தாண்டி வந்ததே. நிலையத்துப் பெண்மணி உப அதிபரோடு பேசி ஒரு தவணை வாங்கியிருந்தார். மே மாதக் கடைசிக்குள் அவள் உப அதிபர் முன்னால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். காட்டினால் அதே பள்ளிக்கூடத்தில் தொடரலாம்.

"உங்களுக்கு மூண்டு மாதம் இருக்கு," என்றார்.

மூன்று மாதமா! நான் மூன்று கிழமையில் மாவட்டப் பரிசு வாங்கின ஆள். எனக்கு அது இன்னுமொரு போட்டியாகத்தான் பட்டது. அவளுக்கென்று தனியாக ஒரு பேச்சு எழுதினேன். அவள் தாளை வாங்கி, ஒழுங்காகப் பாடமாக்கி, மூக்குக்குள் முணுமுணுவென்று ஒப்புவித்தாள். கண் நிலத்தில் இருந்தது. சத்தமாக, சத்தமாக என்று நான் கத்தக் கத்த அவள் குரல் இன்னும் உள்ளே போனது. தாளில் உள்ளதைத் தவிர ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து ஆறு கிழமையாக நான் கேட்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் சொன்னது சரியோ என்றுகூட எனக்கு ஒரு நாள் தோன்றியது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது கிழமை. மரங்களால் எனக்கே அலுப்பு வந்து, சொந்தக் கதை சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருந்தேன். அனுமதி என்றாலும், கதையை எனக்கு எழுதித் தர வேண்டும்; நான் திருத்துவேன்; அதைப் பாடமாக்க வேண்டும். சோமாலியாவிலிருந்து வந்த ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அன்றைக்கு அண்ணனின் முறை. கலியாண வீட்டுக்குள் ஓர் ஒட்டகம் புகுந்த கதை. என் பென்சில் குறித்த இடத்தில் கையைத் தூக்கி, குறித்த இடத்தில் இறக்கி, அவன் சொல்லிக்கொண்டு வந்தான். ஒட்டகம் மாப்பிள்ளையின் சால்வையை வாயில் கௌவிக்கொண்டு நிற்கிற இடம் வந்தது.

அந்த இடத்தில் கானாப் பிள்ளை எழும்பினாள். தன் மொழியில் ஏதோ ஒரு வசனத்தை உரத்துச் சொன்னாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினாள்.

அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டிருந்தவன் வாயைப் பிளந்தபடி நின்றான். பின்வரிசையில் இரண்டு பேர் அவளோடு சேர்ந்து கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மேடையில் ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருக்க நடுவில் இன்னொன்று எழும்பிப் பாடுவதா? எங்கள் ஊரில் அது பகிடி பண்ணுவது. அதற்கு மேலான குழப்படி கிடையாது.

"நிப்பாட்டு! வெளியிலை போ!"

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். கதிரையில் கிடந்த ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். அண்ணன்காரன் ஒட்டகத்தை எங்கே விட்டான் என்று மறந்துபோய் நின்றான். முதலிலிருந்து சொல்லு என்றேன். அவன் சொன்னான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ஏழு கிழமை வாய் திறக்காத பிள்ளை வாயைத் திறந்தாள். அதற்கு நான் கொடுத்த பரிசு வாசற்படி. இதை நான் அன்றைக்கே உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒரு மணித்தியாலம் அவளைத் திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மே மாதம் கிட்ட வந்துகொண்டிருந்தது. நிலையத்துப் பெண்மணி என்னிடம் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன், என் பக்கத்து நியாயத்தோடு. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு துண்டில் விலாசத்தை எழுதி என் கையில் வைத்தார்.

எங்கள் சனத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோவோம். நான் பேக்கரியில் ஒரு டசின் பணிஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் இருந்ததும் பார்க்டேலில்தான், எங்களுடையதைப் போலவே ஒரு மாடிக் கட்டிடம். லிஃப்ற் வேலை செய்யாததுகூட ஒன்றுதான். தாய் கதவைத் திறந்தார். ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கும் வேலையால் அப்போதுதான் வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. என்னை இருத்தி, நிலக்கடலை போட்டு வைத்த சூப் ஒரு கோப்பை தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. மகள் உள்ளறைக் கதவடியில் நின்றாள்.

பிறகு தாய் சொன்னார்:

"எங்கடை பக்கத்திலை கதை சொல்லுற ஆளைத் தனிய விடுறேல்லை, ரீச்சர். கதை நல்ல இடத்துக்கு வந்திட்டுதெண்டால் கேக்கிற ஆக்களிலை ஒராள் எழும்பும். 'பொறு, அண்டைக்கு நானும் அங்கை நிண்டனான்' எண்டு சொல்லும். சொல்லிப்போட்டு ஒரு பாட்டுக் குடுக்கும். எல்லாரும் கை தட்டுவினம். கதை சொல்லுற ஆளுக்கு அது இளைப்பாற ஒரு நேரம். பிறகு விட்ட இடத்திலை இருந்து சொல்லும். நடுவிலை ஒருத்தரும் எழும்பேல்லை எண்டால், அந்தக் கதை ஒருத்தருக்கும் வேண்டாமெண்டு அர்த்தம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்ரை பிள்ளை அந்தப் பெடியனுக்கு மரியாதை செய்தவள்," என்றார் தாய். "நீங்கள் அவளை வெளியிலை விட்டிட்டீங்கள்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் அதைச் சூப்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில் சொன்னார். நான் வரிசையாக இருத்தி வாய் மூட வைத்த பதினொரு பேரும் என் கண்ணுக்குள் வந்தார்கள். ஒழுக்கம் என்று நான் நினைத்து மகிழ்ந்த அந்த அமைதி அவளுக்கு எவ்வளவு பெரிய அவமதிப்பாக இருந்திருக்கும்! ஒவ்வொரு கிழமையும் ஒருவர் எழும்பிச் சொல்லுகிறார், ஒருவரும் கேட்கவில்லை, ரீச்சர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்.

பணிஸ் பையை மேசையில் வைத்துவிட்டு நான் எழும்பி அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போனேன். ஒன்பது வருடமும் ஒன்பது கிழமையும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "நான் செய்தது பிழை. எனக்குத் தெரியேல்லை. நீ வரவேணும்." அவள் தாயைப் பார்த்தாள். தாய் பணிஸ் பையைத் திறந்து ஒன்றை எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னேன். கதிரைகளைப் பழையபடி வட்டமாகப் போடச் சொன்னேன். நான் எழுதின தாள்கள் அத்தனையும் படம் கீறுகிற மேசைக்குப் போயின. மரங்களின் பயன்களுக்குப் பின்பக்கத்தில் அவர்கள் மரமும் கீறினார்கள், மாடும் கீறினார்கள்.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் இருந்த சத்தத்தை என்ன சொல்ல! மேலே தேவாலயத்தைத் துப்புரவாக்கும் மனுஷன் இரண்டு தரம் இறங்கி வந்து, ஏதாவது சண்டையோ என்று விசாரித்தார். ஒரு பிள்ளை கதை சொல்லும், இன்னொன்று இடையில் எழும்பும், எதியோப்பியப் பாட்டு, சோமாலியப் பாட்டு, ரேடியோவில் கேட்ட பாட்டு, எல்லாம் வரும். கதை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். அண்ணன்காரனின் ஒட்டகக் கதையை மறுபடி சொல்லச் சொன்னோம். இந்த முறை ஒட்டகம் சால்வையைக் கௌவின இடத்தில் மூன்று பேர் ஒரேயடியாக எழும்பி, யார் முதலில் பாடுவது என்று அடிபட்டார்கள். நான் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இலக்கணப் பிழை கேட்கும்போதெல்லாம் நாக்கு அரிக்கும். கடித்துக்கொண்டிருப்பேன். சிலவேளை கடிக்காமலும் விட்டிருக்கிறேன். பழக்கம் ஒரு நாளில் போகாது.

கானாப் பிள்ளை இரண்டு கிழமை மற்றவர்களுக்குப் பாட்டு மட்டும் கொடுத்தாள். மூன்றாம் கிழமை தானாக எழும்பி ஒரு கதை சொன்னாள். பாதி தாய் சொன்னது, பாதி அவள் போட்டது. ஒரு ஊரில் ஒருத்தியின் உரல் வெடித்துவிடுகிறது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பசி. கிழங்கு இடிக்க வேறு வழியில்லாமல் அவள் அரண்மனையின் அடி திறந்த பெரிய மரப் பறையைக் களவாக உருட்டிக்கொண்டு வந்து, கவிழ்த்து வைத்து, அதன் குழிக்குள் கிழங்கைப் போட்டு உலக்கையால் இடிக்கிறாள். பறைச் சத்தம் கேட்டு, அரசர் கூப்பிடுகிறார் என்று ஊரே ஓடி வருகிறது. அரசரும் ஓடி வருகிறார். உலக்கையும் கையுமாக அவள் எல்லோருக்கும் நடுவில் நிற்கிறாள். அவள் அசையவில்லை. "அரசர் உங்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்" என்கிறாள். ஊர் ஆர்ப்பரிக்கிறது. அரசருக்கு வேறு வழியில்லை. அன்றைக்கு ஊர் முழுவதற்கும் அரண்மனையில் சாப்பாடு.

அந்தக் கதையை அவள் சொன்ன விதத்தை நான் எப்படி எழுதுவது? நிலத்தைப் பார்த்து முணுமுணுத்த பிள்ளையா இது? அவள் கை வெறுங்கை, ஆனால் அதில் உலக்கை இருந்தது. உலக்கையின் பாரமும் இருந்தது. ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. அவற்றை யார் பார்த்தார்கள்? அன்றைக்கு வீட்டுக்குப் போய், "இனி அவளை ஒருத்தரும் அசைக்கேலாது, இருந்து பாருங்கோ" என்று கணவரிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

மே மாதக் கடைசி வந்தது. உப அதிபர், அவளைத் தனியாகத் தன் அறைக்கு அனுப்பும்படி சொல்லியிருந்தார். பத்து நிமிடம், பேசிக் காட்டிவிட்டுப் போகலாம். நான் தொலைபேசி எடுத்தேன். என் கோபம் நல்ல காரியத்துக்கு உதவிய நாள் அது.

"சேர், கதைக்குக் கேக்கிற ஆக்கள் வேணும். எழுதுற ஆக்கள் மட்டும் காணாது."

அறை சின்னது என்றார். நின்றுகொண்டு கேட்போம் என்றேன். கடைசியில் நாலு பேருக்குச் சம்மதித்தார். தாய், சோமாலிய அண்ணன், தங்கை, நான். குயின் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் பிடித்துப் போனோம். தாய் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு, மஞ்சளும் பச்சையுமான தங்கள் ஊர் உடுப்பில் வந்திருந்தார். அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இவள் நேர்ஸாக வருவாளா மாட்டாளா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அறையில் உப அதிபர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நரைத்த மீசை, நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். பக்கத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் ஆசிரியை. இரண்டு பேர் முன்னாலும் கோப்பும் பேனையும் இருந்தன. தொடங்கலாம் என்றார்.

அவள் தொடங்கினாள். உரல் வெடித்தது. பறை உருண்டு வந்தது. அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் நாலு பேரும் ஒஃபிஸில் இருந்தோம். ஒஃபிஸுக்குப் போனால் எங்களைப் போன்றவர்கள் எப்படி இருப்போம்? அண்ணனும் தங்கையும் கையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, குடிவரவு அதிகாரிக்கு முன்னால் இருப்பதுபோல இருந்தார்கள். தாய் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். உப அதிபர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பேனை தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

ஊர் ஓடி வந்தது. அரசர் ஓடி வந்தார். உலக்கையும் கையுமாக அவள் நின்றாள். நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது. போட்டியில் பிள்ளை மறந்தால் மேடைக்குப் பக்கத்தில் நின்று வாயசைத்து எடுத்துக்கொடுப்பது என் பழக்கம். வாய் தானாக அசையப் பார்த்தது. ஆனால் எடுத்துக்கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? இது நான் எழுதின பேச்சில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் உப அதிபரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்த பிள்ளையின் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது அந்தக் கண் இல்லை.

சத்தம் நின்றதும் உப அதிபர் தலையை நிமிர்த்தினார்.

"இப்ப நீங்கள் ஒரு பாட்டுப் பாடவேணும்," என்றாள் அவள்.

"ஆர், நானோ?"

"ஓம், சேர். எங்கடை பக்கத்திலை, கதை இந்த இடத்துக்கு வந்தால் கேக்கிற ஆள் பாட்டுக் குடுக்கவேணும். இவை நாலு பேருக்கும் உங்கடை ஒஃபிஸிலை பாடப் பயம். மிஸ்ஸும் எழுதுறா, நீங்களும் எழுதுறீங்கள். ஒருத்தரும் பாடாட்டில் என்னாலை மிச்சம் சொல்லேலாது."

விளங்கும் சக்தி இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளை, அந்தக் கோப்பு மேசையில் கிடக்க, அதை எழுத வைத்த மனுஷனுக்குக் கட்டளையிட்டாள்! ஆசிரியை பேனையை வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். உப அதிபரின் காது சிவந்தது. தனக்குப் பாட வராது என்றார். அவள் காத்துக்கொண்டு நின்றாள், உலக்கையை இறக்காமல். தாய் மெதுவாகக் கை தட்டத் தொடங்கினார். அண்ணனும் தங்கையும் சேர்ந்தார்கள். நானும் தட்டினேன். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்ன வயதில் தகப்பனோடு படகில் மீன் பிடிக்கப் போகும்போது பாடியது என்று சொல்லி நாலு வரி பாடினார். குரல் என்னுடையதைவிட மோசம். ஆனால் பாடினார். முடிவில் அவரே சிரித்துவிட்டார்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இப்போது எழுதுகிற சத்தம் இல்லை. ஊர்ச் சனம் என்ன பேசிக்கொண்டது, அரசரின் முகம் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மண்டபத்தில் சொல்லாத புதுப் புது ஆட்கள் எல்லாம் கூட்டத்துக்குள் வந்தார்கள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. உப அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தலையசைத்தார். அவர் கோப்பை மூடினார்.

"காணும், பிள்ளை. எனக்குத் தேவையானதைக் கேட்டிட்டன். நாங்கள்தான் பிழை விட்டிட்டம். செப்ரெம்பரிலை நீ இஞ்சைதான் படிப்பாய். நேர்ஸிங்குக்கு என்னென்ன பாடம் எடுக்கவேணுமெண்டு மிஸ் சொல்லித் தருவா."

எழும்பி மேசைக்கு மேலால் கையை நீட்டினார். தாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, நான் ஒளிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் நான் தூக்கிக்கொண்டு வந்த கேடயங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்குக் கிட்ட வராது. வெற்றி கிடைத்தால் கைகொடுத்து, நன்றி சொல்லி, மேடையை விட்டு இறங்குவதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழும்பிவிட்டேன்.

அவள் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் உலக்கை இருந்தது.

"சேர், கதை இன்னும் முடியேல்லை," என்றாள். "இருங்கோ."

அவர் இருந்தார். நானும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன்.